கை நீளத்துக்கு அப்பால்

புதுச்சேரியில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், பிரான்சில் ஒரு பிள்ளையோ அண்ணனோ அத்தையோ இருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் கைபேசிப் படம் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அங்கிருப்பவர்கள் இங்கிருப்பவர்களின் உடல்நிலையை அதை வைத்தே கணிக்கிறார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பும் செல்ஃபியை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குக் கீழே ஏன் இருட்டாக இருக்கிறது, கன்னம் ஏன் உப்பியிருக்கிறது, தூங்குகிறாயா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஒருமுறை, “என்னடி, மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு? தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாரேன்” என்றாள். கண்ணாடியில் பார்த்தால் வீக்கம் இல்லை, எடையும் கூடவில்லை, அவள் மன நிம்மதிக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவும் சரியாகவே வந்தது. ஆனால் படத்தில் வீக்கம் இருந்தது, அவள் பார்த்தது பொய்யில்லை. உடம்பில் இல்லாத ஒன்று படத்தில் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

செல்ஃபி நன்றாக எடுக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று நடுவயதுப் பெண் ஒருத்தி சொன்னால் கேட்பவர்களில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏறக்குறைய 8,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உடன்பிறந்தவளுக்கு என் முகம் அந்தச் சிறிய திரை வழியாகத்தான் போய்ச் சேருகிறது. அது நல்ல முகமாகவும் போக வேண்டும், என் முகமாகவும் போக வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் கடினம் என்பதும், அந்தக் கடினத்துக்குக் காரணம் என் முகத்தில் இல்லை என்பதும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கின.

மூக்கும் காதும்

வீக்கத்துக்குக் காரணம் தூரம். மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் முகத்துக்கு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்கிறது. கைபேசியை மூக்குக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் பிடித்தால், காது அதிலிருந்து 42 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். அதாவது மூக்கைவிட 40 விழுக்காடு அதிகத் தொலைவில். தொலைவில் உள்ளது சிறுத்துத் தெரியும், பக்கத்தில் உள்ளது பெருத்துத் தெரியும் என்பதால், மூக்கும் கன்னத்தின் முன்பகுதியும் முன்னால் துருத்திக்கொண்டு வர, காதுகள் பின்னால் ஒடுங்கிவிடுகின்றன. அதே கைபேசியை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் அந்த வேறுபாடு 8 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. அக்கா வீக்கம் என்று நினைத்தது இந்த 40 விழுக்காட்டைத்தான்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரிடம், செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கித் தரும்படி நோயாளிகள் கேட்டிருக்கிறார்கள். அவரும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்கிட்டு 2018இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஐந்தடி தொலைவில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத் தொலைவில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரியும் என்பது அவர்களின் முடிவு. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலைவிடக் கவலையே அதிகமாக வந்தது. கை நீளம் போதாத ஒரே காரணத்துக்காக, நல்ல மூக்கோடு பிறந்த பிள்ளைகள் அறுவைக்கூடத்தின் வாசலில் போய் நிற்கிறார்கள்.

பலரும் இதற்கு அகன்ற லென்சைக் குறை சொல்கிறார்கள். லென்ஸ் இங்கே பாதிக் காரணம்தான். முகத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேமராவுக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. அகன்ற லென்சில் முகம் சிறிதாகத் தெரிவதால், திரை நிறைய வேண்டும் என்று நாமாகவே அதை நெருங்கிப் போகிறோம். கெடுதல் அந்த நெருக்கத்தில்தான் நடக்கிறது. தள்ளி நின்று எடுத்துவிட்டுப் பிறகு ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கிக்கொண்டாலும், தள்ளி நின்றபோது இருந்த அளவுகள் அப்படியே இருக்கும். இதனால்தான் இப்போது நான் கைபேசியைக் கையில் பிடிப்பதே அரிதாகிவிட்டது. மாடிக் கைப்பிடிச் சுவரிலோ சன்னல் திட்டிலோ ஒரு கனமான புத்தகத்தில் சாய்த்து வைத்து, டைமரைப் பத்து நொடிக்குப் போட்டுவிட்டு, நாலைந்து அடி தள்ளி வந்து நிற்கிறேன். பின்பக்கக் கேமரா பெரும்பாலான கைபேசிகளில் முன்பக்கத்தைவிடத் தரமானது. ஆகையால் அதையே பயன்படுத்துகிறேன். திரையைப் பார்க்க முடியாதே என்று கேட்பார்கள். திரையைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு நன்மை. செல்ஃபியில் கண்கள் எங்கோ பார்ப்பதுபோல வருவதற்குக் காரணம், நாம் லென்சைப் பார்க்காமல் திரையில் இருக்கும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

யோசித்துப் பார்த்தால், பழைய முறையே இதுதான். 1839இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கொர்னீலியஸ் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டார். இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தற்படங்களில் அது ஒன்று. அவர் கேமராவை நிறுத்திவிட்டு, அதன் முன்னால் தள்ளிப் போய் அசையாமல் காத்திருந்தார். கலைந்த தலைமுடியும் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கிய உருவமுமாக இருந்தாலும், அந்த முகத்தில் மூக்கு மூக்கின் அளவிலும் காது காதின் அளவிலும் இருக்கின்றன. கையில் பிடித்து எடுப்பது என்பது பின்னால் வந்த பழக்கம். 1980களிலேயே ஜப்பானில் மினோல்டா நிறுவனத்தைச் சேர்ந்த ஹிரோஷி உவேதா கேமராவை மாட்டி நீட்டும் கோலை உருவாக்கினார். இன்றைய செல்ஃபி ஸ்டிக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. கையை நீளமாக்கித் தருகிறது. அதைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்த்து இப்போது எனக்கு முகம் சுளிக்கத் தோன்றுவதில்லை.

தூரத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. அக்காவுக்கு நல்லதாகத் தெரிந்த படம் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்ததை அவள் “இதுல நீ என்னமோ மாதிரி இருக்க” என்றாள். என் மூக்குத்தி வலப்பக்கம் இருக்கிறது. முன்பக்கக் கேமராவின் திரையில் பார்க்கும்போது, கண்ணாடியில் தெரிவதுபோல, அது என் வலக்கைப் பக்கமே தெரிகிறது. சில கைபேசிகள் படத்தைச் சேமிக்கும்போது அதைத் திருப்பிவிடுகின்றன. எதிரே நிற்பவர் நம்மைப் பார்க்கும் விதத்தில் படம் மாறிவிடுகிறது. சில கைபேசிகள் கண்ணாடிப் பிம்பத்தையே சேமிக்கின்றன. அப்படிச் சேமித்த படத்தில் இடத்தோளில் போட்ட முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், பின்னால் இருக்கும் கடைப் பலகையின் எழுத்துகள் இடம் வலமாகப் புரண்டுவிடும். 1977இல் அமெரிக்காவில் மீட்டா, டெர்மர், நைட் ஆகிய மூவர் செய்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. ஒருவரின் நேர்ப்படத்தையும் கண்ணாடிப் பிம்பப் படத்தையும் காட்டியபோது, அவருக்குக் கண்ணாடிப் பிம்பமும் அவருடைய நெருங்கியவர்களுக்கு நேர்ப்படமும் பிடித்திருந்தன. அவரவர் பார்த்துப் பழகியது அவரவருக்கு நல்லதாகத் தெரிகிறது. எந்த முகமும் இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதில்லை. திருப்பியதும் அந்த வேறுபாடு மறுபக்கம் போய், நமக்கு மட்டும் கோணலாகத் தெரிகிறது. ஆகவே அக்காவுக்கு அனுப்பும் படத்தில் அக்காவின் கண்ணுக்கே முதலிடம் என்று முடிவு செய்து, அமைப்புகளில் கண்ணாடிப் பிம்பம் என்ற தெரிவை அணைத்து வைத்திருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்த் திண்ணை

தூரத்தைப் பற்றியும் பிம்பத்தைப் பற்றியும் படித்தே தெரிந்துகொள்ளலாம். வெளிச்சத்தைப் படித்துக் கற்க முடியவில்லை. அதைக் கற்றுத் தந்தவர் அப்பாவின் நண்பர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பல ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்திவிட்டு ஓய்வெடுப்பவர். அவரை நான் சிறு வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். மாசி மாதத்தில் ஒரு பிற்பகல் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, பேச்சுவாக்கில் என் சந்தேகத்தைச் சொல்லி, கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “இத எல்லாம் எங்க நின்னு எடுத்த?” என்று மட்டும் கேட்டார். டியூப்லைட்டுக்குக் கீழே கூடத்தில், மொட்டை மாடியில், பேருந்து நிறுத்தத்தில் என்று சொன்னேன். “எங்க நின்னா நல்லா வரும்னு பாத்து நின்னியா, நின்ன எடத்துல எடுத்தியா?” என்று அடுத்த கேள்வி வந்தது.

பிறகு என்னைத் திண்ணைக்கு அழைத்துப் போனார். “போனைப் பாக்காத பாப்பா. மொதல்ல கைய மடக்கு” என்று தன் கைவிரல்களை முட்டியாக மடக்கி முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். நானும் அப்படியே செய்தேன். முட்டியில் நான்கு விரல் கணுக்கள் மேடாக இருக்கும், அவற்றுக்கு இடையே பள்ளங்கள் இருக்கும். தெருவுக்கு இறங்கி வெயிலில் முட்டியை நீட்டியபோது, ஒவ்வொரு கணுவுக்குக் கீழேயும் கத்தியால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. தோலின் ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியே தெரிந்தது. “இதான் உன் கண்ணுக்குக் கீழயும் விழுது” என்றார். ஓரடி ஓரடியாக என்னைத் திண்ணைக்கு நகர்த்திக்கொண்டே வந்தார். ஓட்டுத் தாழ்வாரத்தின் நிழலுக்குள் முட்டி நுழைந்ததும் அந்தக் கறுப்புக் கோடுகள் கரைந்தன. மேடு எது பள்ளம் எது என்று தெரிந்தது, ஆனால் எங்கே வெளிச்சம் முடிந்து எங்கே நிழல் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

அந்த வீடு வடக்குப் பார்த்தது. அந்த மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் திண்ணைக்குள் நேர் வெயில் வராது. எதிர்வீட்டுச் சுவரோ தெற்குப் பார்த்தது, வெள்ளை அடித்தது. அதன்மேல் விழுந்த வெயில் முழுவதும் தெருவைத் தாண்டி இந்தத் திண்ணைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மேலே இருந்து வர வேண்டிய வெளிச்சத்தைக் கூரை தடுத்துவிட, எதிரிலிருந்து, முகத்தின் உயரத்திலேயே, ஒரு சுவரின் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. மாமா தன் ஸ்டுடியோவில் வெள்ளைக் குடைகளையும் துணித் திரைகளையும் வைத்து உண்டாக்கிய வெளிச்சம் அதுதான். தெருவுக்குத் தெரு அது இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததை அவர் சொல்லும் வரை நான் கவனித்ததில்லை.

அடுத்து, கைபேசியை எடுத்து முன்பக்கக் கேமராவைத் திறந்து கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். படம் எடுக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், திரையில் முகம் மாறுவதை மட்டும் பார்க்க வேண்டும். தெருவைப் பார்த்து நின்றபோது இரண்டு கன்னமும் ஒரே அளவு வெளிச்சமாக, தட்டையாக, களைப்பே தெரியாமல் இருந்தன; இரண்டு கருவிழிகளிலும் எதிர்ச்சுவர் ஒரு சிறிய வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. “அந்தப் புள்ளி இருந்தாத்தான் கண்ணுக்கு உசுரு” என்றார். கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியதும், ஒரு கன்னம் வெளிச்சத்தில் இருக்க மறுகன்னம் மெல்ல இறங்கியது. அதுவரை காணாமல் போயிருந்த மூக்கின் தண்டும் தாடையின் கோடும் எழுந்து வந்தன. இன்னும் திரும்பி வீட்டுச் சுவரைப் பார்த்தபோது, தெரு பின்னால் வெளுத்துப் போய், முகம் மங்கிச் சோர்ந்து, பத்து வயது கூடிவிட்டது. மறுபடி சுற்றி வந்தேன். ஒரே முகம், ஒரே திண்ணை, ஒரே நிமிடம். வீங்கியது, இளைத்தது, களைத்தது, தெளிந்தது என்று அக்கா இத்தனை நாளாகப் பட்டியலிட்ட முகங்கள் எல்லாம் அந்த ஒரு சுற்றுக்குள் வந்து போயின. என் முகத்தில் எதையும் திருத்த வேண்டிய தேவை இல்லை என்பதும், நிற்கும் இடத்தையும் திரும்பும் பக்கத்தையும் மட்டும் தேர்ந்தால் போதும் என்பதும் அங்கேதான் எனக்கு உறுதிப்பட்டன.

கிளம்பும்போது அவர் வேட்டி நுனியால் என் கைபேசியின் லென்சைத் துடைத்துக் கொடுத்தார். “தலைக்கு எண்ணெ வெக்கிற ஊரு இது. காதுல வெச்சுப் பேசிட்டு அப்படியே எடுத்தா பனி மூட்டமாத்தான் வரும்.” என் பழைய படங்களில் விளக்குகளைச் சுற்றிப் பரவியிருந்த மங்கலான ஒளிவட்டங்களுக்கு அதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஊருக்கு ஊர் வெளிச்சம்

அதன் பிறகு புதுச்சேரித் தெருக்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இந்த ஊரின் கடற்கரை கிழக்கு நோக்கியது. படம் எடுப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது அதைத்தான். காலையில் பீச் ரோட்டில் கடலைப் பின்னணியாக வைத்து நின்றால், சூரியனும் பின்னால்தான் இருக்கும். முகம் கறுத்து நிழலுருவாகிவிடும். காலையில் முகம் நன்றாக வர வேண்டுமானால் கடலைப் பார்த்து நிற்க வேண்டும்; பின்னணியில் பழைய கலங்கரை விளக்கமோ கட்டடங்களோ வரும், உதிக்கும் சூரியனின் வெளிச்சம் முகத்தில் விழும். கடல்தான் பின்னணியில் வேண்டும் என்பவர்கள் மாலையில் வர வேண்டும். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிக் கட்டடங்களின் நிழல் சாலையில் நீண்டு விழுந்த பிறகு, வானம் முழுவதுமே மென்மையான விளக்காகிவிடுகிறது. அந்த நேரத்தில் சாலையில் வண்டிகளையும் விடாததால் கைபேசியை எங்கே சாய்த்து வைத்தாலும் இடைஞ்சல் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் மணல் பரப்பு அகன்றது. அங்கே மாலை வெயிலின்போது அந்த வெளிர் மணலே கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பித் தந்து, தாடைக்கு அடியில் விழும் நிழலைக் குறைத்துவிடுகிறது.

பீச் ரோட்டின் கருங்கற்களில் ஏறி அலையை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2011 முதல் 2017 வரை உலகெங்கும் செய்தியில் வந்த செல்ஃபி மரணங்களைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில் 259 பேர் இடம்பெற்றார்கள். அவர்களில் மிகப் பலர் இந்தியர்கள், காரணங்களில் முதலிடம் நீரில் மூழ்குவது. பாசி படிந்த கல்லின்மேல் நின்று திரையைப் பார்ப்பவருக்கு அலை தெரியாது. நடைபாதையிலிருந்தே அதே கடலை எடுக்கலாம்.

நண்பகலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்த ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. அந்த வெயிலில் கண்கள் இரண்டும் குழிகளாகத்தான் தெரியும். பாரதி பூங்காவின் மரநிழல் உதவும் என்று தோன்றும். ஆனால் இலைகளின் இடைவெளி வழியே முகத்தில் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும், தோலில் பச்சைச் சாயலும் ஏறும். ஆயி மண்டபத்தின் கூரைக்கு அடியில் ஓரமாக நிற்பது அதைவிட நல்லது.

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களைத் தேடிப் போகிறார்கள். துய்மா வீதியிலும் ரோமன் ரோலன் வீதியிலும் காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவர் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு கூட்டம் நிற்கிறது. சுவர் பின்னணியாக இருப்பதில் தவறில்லை. வெயில் விழும் மஞ்சள் சுவர் எதிரே இருந்தால்தான் சிக்கல். அதிலிருந்து திரும்பும் வெளிச்சமும் மஞ்சளாகவே முகத்தில் விழுந்து, மாநிறத் தோலை மஞ்சள் காமாலை கண்டவர் தோலாக்கிவிடும். எனக்குப் பிடித்தது அந்தச் சுவர்கள் அல்ல. அவற்றுக்கு இடையே வரும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களின் சாம்பல் நிறச் சுவர்கள். எந்தக் காட்சியையும் சாம்பல் நிறத்தின் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தவே கேமரா முயல்கிறது. பின்னால் பளிச்சென்ற வெள்ளைச் சுவர் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணி மொத்தப் படத்தையும் குறைத்து, கருத்த முகத்தை மேலும் கருக்கிவிடுகிறது. பின்னால் இருட்டு இருந்தால் முகத்தை வெளுக்க வைத்துவிடுகிறது. சாம்பல் சுவரின் முன்னால் அதற்குக் குழப்பம் இல்லை. வேறு சுவர்களின் முன்னால் நிற்க நேர்ந்தால், திரையில் முகத்தின்மேல் விரலைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தி, தோல் தன் நிறத்துக்கு வரும் வரை சரிசெய்துகொள்கிறேன்.

நிறம்

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள்; எங்கள் வீட்டில் எல்லோரையும்போல நல்ல கருப்பு, களையான முகம். அவளோடு சேர்ந்து அவளுடைய கைபேசியில் எடுத்த படத்தில் நாங்கள் இருவருமே கோதுமை நிறத்தில் இருந்தோம். அவள் நெற்றியில் இருந்த சிறு தழும்பைக் காணவில்லை. என் கண்ணோரக் கோடுகள் இல்லை. இருவரின் தாடையும் கூர்மையாகியிருந்தது. ஃபில்டர் போட்டாயா என்று கேட்டேன். “இல்ல அத்தை, எதுவும் போடல. போனே அப்படித்தான் எடுக்கும்” என்றாள். கேமரா அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தபோது பியூட்டி என்ற பகுதியில் மென்மை, வெண்மை, முக மெலிவு என்று கூட்டிக் குறைக்கத் தனித்தனிக் கோடுகள் இருந்தன. எல்லாம் நடுவில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. யாரும் கேட்காமலே, கைபேசி வாங்கிய நாளிலிருந்து, அந்தப் பெண்ணுக்கு அவளுடைய முகம் திருத்தி எழுதப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இது புதிதாக வந்தது இல்லை என்று மாமா சொன்னார். அவர் காலத்தில் நெகட்டிவின்மேல் ஊசிபோலச் சீவிய பென்சிலால் மிக மெல்லியதாகப் புள்ளி வைப்பார்கள். நெகட்டிவில் கருமை கூடிய இடம் பிரிண்டில் வெளுத்து வரும், பருவும் சுருக்கமும் மறைந்துவிடும். பெண் பார்க்கும் படலத்துக்காக எடுக்கும் படம் என்றால், பிரிண்ட் போடும்போது படத்தைத் தாளில் பெரிதாக்கி விழச் செய்யும் என்லார்ஜர் கருவியின் வெளிச்சத்தைச் சில நொடி கையால் மறைத்து, முகத்தை மட்டும் சிவப்பாக்கித் தரச் சொல்லி வீட்டார் கேட்பார்களாம். அதற்கும் முன்னால், ஃபிலிமிலேயே இந்தச் சாய்வு இருந்தது. வண்ணப் பிரிண்டுகளைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் பல பத்தாண்டுகளாக இருந்தவை வெள்ளைப் பெண்களின் முகங்களே. அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பொருள். கருத்த தோல் அந்தக் கணக்கில் நெடுங்காலம் சேரவில்லை. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 கைபேசியோடு, பலவகைத் தோல் நிறங்களை உள்ளபடி காட்டுவதற்கென்று ரியல் டோன் என்ற முயற்சியை அறிமுகம் செய்தது. வரவேற்க வேண்டிய காரியம்தான், ஆனால் நம் கடைகளில் விற்கும் பல கைபேசிகள் இன்னும் எதிர்த்திசையில்தான் போகின்றன.

பென்சில் திருத்தத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருப்பதாக நான் நினைக்கிறேன். மாமாவிடம் ஒரு பெண் வாழ்நாளில் ஓரிரு முறை வந்து அமர்ந்தாள்; திருத்திய படம் சுவரில் தொங்கியது, திருத்தாத முகம் தினமும் கண்ணாடியில் இருந்தது. இன்றோ கண்ணாடியைவிட அதிகமாகக் கைபேசியைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பார்த்துப் பழகிய முகமே நமக்குப் பிடிக்கும் என்றால், என் அண்ணன் மகள் பழகிக்கொண்டிருப்பது அவளுடையது இல்லாத ஒரு முகத்தோடு. இதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அவளைத் திட்டவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே சன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, கோடுகளையெல்லாம் பூச்சியத்துக்கு இறக்கி, பின்பக்கக் கேமராவில் நாலடி தள்ளி நின்று எடுத்துக் காட்டினேன். நல்ல வெளிச்சத்தில் கருத்த தோலுக்கு ஒரு பளபளப்பு உண்டு. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வெளிச்சம் எண்ணெய் தடவியதுபோல நழுவி ஓடும், வெளிர்த் தோலில் அது அவ்வளவாகத் தெரியாது. வெண்மைக் கோடு முதலில் அழிப்பது அதைத்தான். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “தழும்பு தெரியுதே அத்தை” என்றாள். தெரிகிறது என்றேன். மென்மையைக் கொஞ்சமாக ஏற்றி வைத்துக்கொண்டாள். வெண்மையைத் திரும்ப ஏற்றவில்லை. அவளுடைய கைபேசி, அவளுடைய முகம்; அந்த அளவில் நான் விட்டுவிட்டேன்.

வீட்டு விசேஷங்களில் இப்போது குடும்பப் படத்துக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தை எடுக்கும்போது கைபேசியைக் கையில் பிடித்திருப்பவர்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார். எல்லோரையும்விட லென்சுக்கு நெருக்கமாக இருப்பதால் அவருடைய முகம் மட்டும் இரண்டு மடங்காகிவிடும். அகன்ற லென்சின் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துவிடும். பெரியம்மா படம் எடுக்க வேண்டாம் என்று ஒதுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம், அவரை எப்போதும் ஓரத்தில்தான் நிறுத்துகிறார்கள். நான் கைபேசியைக் கண் உயரத்துக்கு ஓர் அலமாரித் தட்டில் சாய்த்து வைத்து, வாசல் வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழும்படி அவர்களைத் திருப்பி நிறுத்தி, இரண்டு பக்கமும் ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு டைமரைப் போடுகிறேன். பெரியம்மா நடுவில் நிற்கிறார். காலியாக விட்ட ஓரங்களைப் பிறகு வெட்டிக்கொள்கிறேன்.